லினக்ஸில் ஆட்டம் புகுந்த வரலாறு

கணினியைப் பற்றிச் சிறிது அறிந்த நம்மவரிடையே நெடுநாளாக ஓர் எண்ணம் நிலவி வருகின்றது. லினக்ஸ் என்பது பண்டிதர்க்கும் பொறியாளர்க்கும் உரியது, ஆடுதற்குக் கணினி வேண்டுமாயின் விண்டோஸே கதி என்பதுவே அவ்வெண்ணம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வாறு கூறியோர் பொய் கூறினாரல்லர். இன்றும் அவ்வாறே கூறுவோர் பழைய பேரேட்டைப் பார்த்துப் புதிய பாக்கியைச் சொல்பவராவர். இடையில் நிகழ்ந்தது யாது, அதனை நிகழ்த்தியோர் யாவர், அவர்கள் பெற்றதும் இழந்ததும் எவை என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

விளையாட்டைப் பற்றி இத்துணை விரிவாக எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 பதிப்புக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி அளித்துவந்த பொது ஆதரவு முடிவுற்றது. அதன் பின்னதாகிய விண்டோஸ் 11, குறித்ததொரு பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் உள்ள கணினிகளையே ஏற்கும். ஆகவே நன்றாய் உழைத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் ஒரே நாளிற் கிழமாயின. அத்தகைய கணினி ஒன்றை வைத்திருக்கும் குடும்பத்துக்கு லினக்ஸ் இலவசமாய்க் கிடைக்கும். கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும் அது தாராளமாய்ப் போதும். ஆயினும் லயத்து வீட்டிலும் சரி, பட்டணத்து அடுக்குமாடியிலும் சரி, "என் ஆட்டம் அதில் ஓடுமா?" என்று வீட்டுப் பையன் கேட்கும் ஒரே கேள்வியில் அப்பேச்சு நின்றுவிடுகின்றது. அவன் கேள்விக்கு விடை சொல்ல முடியாத தகப்பன், கடனுக்குப் புதுக் கணினி வாங்குகின்றான். ஆதலின் இவ்வாராய்ச்சி பொழுதுபோக்கைப் பற்றியது மட்டுமன்று.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கணினியின் உறுப்புகளுக்கும், அதில் நாம் ஓட்டும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, இதற்கு இவ்வளவு நினைவகம், இதற்கு இப்பொழுது திரை, இதற்கு ஒலி எனப் பங்கிட்டு மேற்பார்க்கும் மென்பொருளையே இயங்குதளம் என்கின்றோம். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து விடும் வேலை போன்றது அது. ஓர் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட ஆட்டம் மற்றொன்றில் தானாக ஓடாது. அது கேட்கும் முறை வேறு, பெறும் முறை வேறு. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் லினக்ஸே ஆதலால், அவ்வழியிற் பார்ப்பின் உலகிற் கோடிக்கணக்கானோர் அறியாமலே லினக்ஸில் ஆடிக்கொண்டிருக்கின்றனர். நாம் பேசப் புகுந்தது மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் ஓடும் லினக்ஸைப் பற்றியே.

அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூல நிரலை எவரும் பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991-இல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கெர்னல் எனப்படும் இயங்குதளக் கருவைத் தாமே எழுதி வெளியிட்டார். மறு ஆண்டில் அதனை ஸ்டால்மனுடைய ஜி.பி.எல். உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். எடுத்துக்கொள், திருத்திக்கொள், திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவையாயின் அதன் மூலத்தையும் உடன் வழங்கு என்பதே அவ்வுரிமத்தின் சாரம். இக்கொள்கையால் உலகெங்குமிருந்து கைகள் வந்து சேர்ந்தன. ஆட்டத் தொழிலோ இதற்கு நேர்மாறானது. ஓவியர், இசைஞர், கதை புனைவோர், நிரலர் எனப் பலர் கூலி பெற்று ஆண்டுக்கணக்கில் உழைத்ததைப் பூட்டி வைத்து விற்பது அது. பொது நிலத்தில் தனியார் தோட்டம் போட எந்த முதலாளி வருவான் என்பதே தொடக்க முதல் எழுந்த சங்கடம்.

ஆரம்ப நாட்களில் லினக்ஸில் ஆடக் கிடைத்தவை, யூனிக்ஸ் உலகத்துப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த பழைய ஆட்டங்களே. 1987-இல் வெளிவந்த நெட்ஹேக் அவற்றுட் புகழ்பெற்றது. அதிற் படமென்பதே கிடையாது. பூதங்களையும் விலங்குகளையும் ஆங்கில எழுத்துகளே குறிக்கும். ஆடுபவனை, மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் குறி குறிக்கும். கண்ணுக்கு இத்துணை வறுமையான ஆட்டத்தை இன்றும் விடாது ஆடுவோர் உளர் என்பது வியப்பே. 1996-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர், நாடு நகரங்களை வளர்த்துப் போர் புரியும் ஃப்ரீசிவ் என்னும் ஆட்டத்தை எழுதி வெளியிட்டனர். 2003-இல் வெஸ்னாத் என்னும் மற்றொரு போராட்டம் தோன்றி, பலர் கையாற் செழித்தது. கூலியில்லாக் கைகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இவை நல்ல சாட்சி. ஆயினும் கடைத்தெருவிற் புதிதாய் வந்த பெரிய ஆட்டங்களைத் தேடி வருவோரை இவை தடுத்து நிறுத்தவில்லை.

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் என்னும் அமெரிக்கக் கம்பெனி, டாஸ் இயங்குதளத்துக்காக டூம் என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. துப்பாக்கி ஏந்திய வீரனின் கண்வழியே காட்சி விரியும் அவ்வாட்டம் அக்காலத்து இளைஞரைப் பித்துக்கொள்ளச் செய்தது. அக்கம்பெனியிலே பணிபுரிந்த டேவ் டெய்லர் என்பவர் 1994-இல் அதனை லினக்ஸுக்குக் கொணர்ந்தார். இதனால் வருமானம் ஒன்றுமில்லை, லினக்ஸின் மேலுள்ள ஆசையாற் செய்தேன் என்பதாக அவரே குறிப்பெழுதி வைத்தார். வரவில்லாத இவ்வேலைக்குப் பின்னர் நேர்ந்த பயன் ஒன்று உண்டு. 1997 டிசம்பரில் அக்கம்பெனியின் தலைமை நிரலர் ஜான் கார்மாக் டூமின் மூல நிரலை உலகுக்கு வெளியிட்டபோது, வெளிவந்தது லினக்ஸ் பதிப்பின் நிரலே. டாஸ் பதிப்பின் ஒலிப்பகுதி பிறரிடம் உரிமம் பெற்று வாங்கியது. அதனை வெளியிட ஐடிக்கு உரிமை இல்லை. 1999-இல் அந்நிரல் ஜி.பி.எல். உரிமத்துக்கும் வந்தது. பிற்காலத்தில் எண்ணிறந்த கருவிகளில் ஓடிய டூம் பதிப்புகளுட் பெரும்பாலானவை, ஆசைக்காக ஒருவர் செய்த அந்த லினக்ஸ் பதிப்பின் வழிவந்தவையே.

நிற்க. ஆசையால் நிகழ்ந்ததைத் தொழிலாக்கிப் பார்ப்போம் என்று முன்வந்தவர் ஸ்காட் டிரேக்கர். தொழிலால் அவர் வழக்கறிஞர். 1998-இல் கலிபோர்னியாவில் லோக்கி என்னும் கம்பெனியைத் தொடங்கினார். பிற கம்பெனிகள் விண்டோஸுக்கு வெளியிட்ட ஆட்டங்களை உரிமம் பெற்று லினக்ஸுக்கு மாற்றியெழுதி, பெட்டியிலிட்டு விற்பதே லோக்கியின் வியாபாரம். முதற்சரக்கு 1999-இல் வந்த சிவிலைசேஷன்: கால் டு பவர். அதனைத் தொடர்ந்து ரெயில்ரோட் டைக்கூன் 2, ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3, ஆல்ஃபா சென்டாரி, சிம்சிட்டி 3000 முதலியன வந்தன. குவேக் 3 என்னும் பெரிய ஆட்டத்தை அழகிய தகரப் பெட்டியிலிட்டு விற்றனர். வேலை சுத்தமான வேலை என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் 2001 ஆகஸ்டில் லோக்கி திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடிற்று; 2002 ஜனவரியிற் கதவை அடைத்துவிட்டது.

வரவு செலவிலேயே நாளைக் கழிக்கும் கிராணிமார்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஆட்டத்தின் சொந்தக்காரர்க்கு உரிமத் தொகை முன்னே கொடுக்க வேண்டும். மாற்றியெழுதும் நிரலர்க்கு மாதச் சம்பளம். அதன்பின் பெட்டி, தட்டு, கடைக்காரர் பங்கு. இத்தனையும் கழித்து மிஞ்ச வேண்டியது மிகச் சிறிய கூட்டத்தின் பணப்பையிலிருந்து. அக்கூட்டத்திலும் பலர் ஒரே கணினியில் விண்டோஸையும் வைத்திருந்தனர். லினக்ஸ் பதிப்புக்காகக் காத்திராமல் விண்டோஸ் பதிப்பை முன்னரே வாங்கி ஆடி முடித்தவனிடம் அதே ஆட்டத்தை இரண்டாம் முறை விற்பது யாங்ஙனம்? குவேக் 3-இன் லினக்ஸ் பெட்டி, விண்டோஸ் பதிப்புக்குச் சில வாரங்கள் பிந்தியே கடைக்கு வந்தது. அச்சில வாரங்களே போதுமானவையாயின. லினக்ஸ் அன்பர்கள் கைகொடுக்கவில்லை என்று அந்நாளிற் பழித்தோர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. கூட்டம் சேருமுன்னே கடை திறந்தால் அன்பு மட்டும் வாடகை கட்டாது.

எனினும் லோக்கி விட்டுச் சென்றது கடன் மட்டுமன்று. அதன் தலைமை நிரலர் சாம் லன்டிங்கா, எஸ்.டி.எல். என்னும் நிரல் தொகுப்பை 1998 முதல் எழுதி வந்தார். திரை, ஒலி, விசைப்பலகை, ஆட்டக்கோல் ஆகியவற்றை எந்த இயங்குதளத்திலும் ஒரே முறையாற் கேட்டுப் பெறுவதற்கு அது வழி செய்வது. ஓர் ஆட்டத்தை அதனைக் கொண்டு எழுதினால் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் பெயர்க்கும் வேலையிற் பெரும்பகுதி குறையும். ஒலிக்கென ஓபன் ஏ.எல். என்னும் தொகுப்பும் லோக்கியிலேதான் தொடங்கிற்று. இவை திறந்த நிரல்களாக இருந்தமையால், கம்பெனியின் மேசை நாற்காலிகளோடு ஏலத்துக்குப் போகாமல் தப்பின. லோக்கியில் வேலை பார்த்த ரயன் கோர்டன் முதலியோர் கம்பெனி மறைந்த பின்னும் ஆட்டங்களை லினக்ஸுக்குக் கொணர்ந்துகொண்டே இருந்தனர். லன்டிங்கா சில ஆண்டுகள் வேறு கம்பெனியில் இருந்துவிட்டு, 2012-இல் எங்குப் போய்ச் சேர்ந்தார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆட்டத்தை மாற்றியெழுதுவது ஒரு வழி. மாற்றியெழுதாமலே ஓட்டுவது மற்றொரு வழி. இரண்டாவது வழியிற் சென்றதே வைன் என்னும் மென்பொருள். பெயரைக் கேட்டு மதுவிலக்கு அன்பர்கள் திகைக்க வேண்டா. "வைன் ஈஸ் நாட் ஆன் எமுலேட்டர்" என்னும் தொடரின் முதலெழுத்துகளாற் புனைந்த பெயர் அது; தன் பெயருக்குள்ளே தன் பெயரையே அடக்கி வைப்பது நிரலர்களின் பழைய வேடிக்கை. விண்டோஸ் ஆட்டம் ஒன்று, "எனக்கொரு சாளரம் திற, இந்தக் கோப்பைப் படித்துக் கொடு, இந்த ஒலியை எழுப்பு" என விண்டோஸிடம் கேட்குமன்றோ? விண்டோஸ் இருக்க வேண்டிய இடத்தில் வைன் துபாஷியாய் அமர்ந்து, அக்கேள்விகளை வாங்கி, லினக்ஸைக் கொண்டு நிறைவேற்றிக் கொடுக்கும். தான் பேசுவது விண்டோஸோடு என்றே ஆட்டம் எண்ணிக்கொண்டிருக்கும்.

சொல்லுதற்கு எளிது, செய்தற்கோ அரிது. விண்டோஸின் மூல நிரல் மைக்ரோசாப்டின் பெட்டகத்தில் இருப்பது. அதன் ஆயிரக்கணக்கான கேள்வி விடைகளையும், அச்சிட்ட விளக்கத்தில் இல்லாத அதன் விசித்திரப் பழக்கங்களையும், வெளியே நின்று ஒவ்வொன்றாய்ச் சோதித்தே அறிய வேண்டும். 1993-இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் என்பாரால் தொடங்கப்பட்ட இவ்வேலையை 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் தலைமையேற்று நடத்தி வருகின்றார். முதலாம் பதிப்பு என்னும் பெயரோடு அது வெளிவந்தது 2008 ஜூன் மாதத்தில். அதாவது பதினைந்து ஆண்டுகள் கழித்து. பால்மரம் ஆறேழு ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடும். அதனினும் இருமடங்கு காலம் காத்திருக்க இவர்களுக்குத் திராணி இருந்தது.

இடையில் ஒரு பிணக்கும் நேர்ந்தது. வைனின் உரிமம் முதலில் மிகத் தாராளமானது; எடுத்தவன் திருப்பித் தர வேண்டுமென்னும் கட்டாயம் அதில் இல்லை. டிரான்ஸ்கேமிங் என்னும் கனடா தேசத்துக் கம்பெனி, வைனை எடுத்து ஆட்டங்களுக்கு வேண்டிய சேர்க்கைகள் பல செய்து, அவற்றைத் தனக்கே வைத்துக்கொண்டு சந்தா வாங்கி விற்றது. சட்டப்படி அது குற்றமன்று. ஆனால் பொதுக் களத்தில் அறுத்த நெல் தனிக் களஞ்சியத்துக்குப் போவதைக் கண்ட வைன் கூட்டத்தார், 2002-இல் தம் உரிமத்தை எல்.ஜி.பி.எல். என்பதற்கு மாற்றினர். அதுமுதல் வைனைத் திருத்தி வழங்குவோர் திருத்தத்தின் மூலத்தையும் வழங்கக் கடமைப்பட்டனர். வறண்ட சட்டப் பேச்சாய்த் தோன்றும் இம்முடிவே பின்னர் வந்த பெரிய முதலாளியையும் கட்டிப்போட்டது. இவ்வரலாற்றில் மிகப் பயன் விளைத்த செயல் எதுவெனின், நாம் இதனையே சுட்டுவோம்.

கிராபிக்ஸ் அட்டைகளின் கதையைச் சுருங்கச் சொல்வோம். படத்தை விரைந்து வரையும் அட்டைக்கு அதனை இயக்கும் நிரல் வேண்டும். பிரையன் பால் 1993-இல் தொடங்கிய மெசா என்னும் திறந்த நிரல் இதற்கு அடித்தளமாயிற்று. 2007-இல் ஏ.எம்.டி. கம்பெனி தன் அட்டைகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கிற்று. என்விடியா கம்பெனியோ தன் இயக்கி நிரலை மூடியே வைத்திருந்தது. 2012-இல் பின்லாந்தில் ஒரு சபையின் நடுவே டோர்வால்ட்ஸ் அக்கம்பெனியை நாம் அச்சிடத் தகாத சைகையோடு வைதார். வசைக்குச் சபையோர் சிரித்தனரேயன்றி நிரல் ஒன்றும் உடனே திறக்கவில்லை.

2010 மே மாதத்தில் நிகழ்ந்த ஒன்று பலர் கண்ணைத் திறந்தது. ஹம்பிள் இண்டி பண்டில் என்னும் பெயரில், சிறு கம்பெனிகளின் ஆட்டங்கள் சில ஒரு கட்டாய் விற்பனைக்கு வந்தன. விலையை வாங்குபவரே தீர்மானிக்கலாம். ஒரு காசு கொடுத்தாலும் கொடுக்கலாம் என்னும் அவ்விற்பனையில், இலவசத்துக்குப் பழகியவர் என்று பெயர் பெற்ற லினக்ஸ்காரர்கள் கொடுத்த சராசரித் தொகை, விண்டோஸ்காரர்கள் கொடுத்ததைப் போல் ஏறத்தாழ இருமடங்காயிருந்தது. கூட்டம் சிறிதாயினும் கை தாராளமானது என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

இனி வால்வ் கம்பெனி. அதன் தலைவர் கேப் நியூவெல் முன்னாளில் மைக்ரோசாப்டில் வேலை பார்த்தவர். 2003-இல் தொடங்கிய ஸ்டீம் என்னும் அவரது இணையக் கடை, கணினி ஆட்டங்களின் பெருஞ்சந்தையாய் வளர்ந்திருந்தது. 2012-இல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் 8 பதிப்பிலே தனக்கென ஒரு கடையை இணைத்து வெளியிட முற்பட்டது. பிறன் நிலத்திற் கடை வைத்திருப்பவன், நிலக்காரனே எதிர்க்கடை திறக்கக் கண்டால் என் செய்வான்? விண்டோஸ் 8 கணினித் தொழிலுக்கே பெருங்கேடு என்று நியூவெல் வெளிப்படையாய்ச் சொன்னார். சொன்னதோடு நில்லாது மாற்று நிலமும் தேடினார். சாம் லன்டிங்கா அவ்வாண்டிற் சேர்ந்தது இக்கம்பெனியிலேயே. வால்வ் நிரலர்கள் லெஃப்ட் 4 டெட் 2 என்னும் தம் ஆட்டத்தை லினக்ஸிற் செப்பனிட்டு ஓட்டிப் பார்த்தபோது, விண்டோஸில் நொடிக்கு 270.6 படம் வந்த அதே கணினியில் 315 படம் வந்தது. 2013 பிப்ரவரி 14-இல் லினக்ஸுக்கான ஸ்டீம் முறைப்படி வெளிவந்தது.

வால்வை லினக்ஸின் இரட்சகராய்ப் போற்றுவோர் பலர். கடைக்காரனுக்கு வந்த அச்சமே இதன் வேர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அச்சம் நல்ல காரியத்தைச் செய்வித்தால் அதனை ஏற்பதில் தவறில்லை. பூமாலை மட்டும் அவசியமில்லை.

முதல் முயற்சி தோற்றது. 2015 நவம்பரில், பல உற்பத்தியாளர் செய்த ஸ்டீம் மெஷின் என்னும் ஆட்டக் கணினிகள் வால்வின் ஸ்டீம் ஓ.எஸ். என்னும் லினக்ஸோடு விற்பனைக்கு வந்தன. வாங்கியோர் கண்டது, தாம் விரும்பும் புதிய ஆட்டங்களுட் பல அதில் இல்லை என்பதையே. ஆட்டம் இல்லாமையால் ஆள் வரவில்லை. ஆள் வராமையால் ஆட்டம் எழுதுவோர் வரவில்லை. லோக்கியை விழுங்கிய அதே சுழல். 2018-இல் அப்பெட்டிகளை வால்வ் தன் கடையின் முகப்பிலிருந்து நீக்கிவிட்டது.

அச்சுழலை அறுத்தது எங்கிருந்து வந்தது? 2017-இல் நீர்: ஆட்டோமாட்டா என்னும் ஜப்பானிய ஆட்டம் விண்டோஸுக்கு வெளிவந்தது. பிலிப் ரேபோலே என்னும் நிரலர் அதனைத் தம் லினக்ஸ் கணினியில் ஆட விரும்பினார். விண்டோஸ் ஆட்டங்கள் படம் வரையக் கேட்கும் மொழிக்கு டைரக்ட் 3டி என்று பெயர். வைன் அதனைப் பழைய ஓபன் ஜி.எல். முறைக்கு மாற்றும்போது ஆட்டம் தள்ளாடிற்று. 2016 பிப்ரவரியில் வல்கன் என்னும் புதிய வரைமுறை வெளிவந்திருந்தது; அட்டையோடு மிக நெருங்கி, இடைச்செலவு குறைவாய்ப் பேச வல்லது அது. டைரக்ட் 3டியின் பதினோராம் பதிப்பை வல்கனுக்கு மாற்றும் டி.எக்ஸ்.வி.கே. என்னும் நிரலை அவர் அவ்வாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கினார். 2018-இன் தொடக்கத்திலேயே வால்வ் அவரைக் கண்டு, அவ்வேலைக்கே சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொண்டது. ஓர் ஆட்டத்தின் மேல் ஒருவர்க்கு எழுந்த ஆசை, டேவ் டெய்லரின் ஆசையைப் போலவே, உலகத்துக்குப் பயன்பட்டது.

2018 ஆகஸ்ட் 21-இல் வைனையும் டி.எக்ஸ்.வி.கே.யையும் வேறு சிலவற்றையும் ஒன்றாய்க் கட்டி, புரோட்டான் என்னும் பெயரில் ஸ்டீமுக்குள்ளே வைத்தது வால்வ். வைனுக்கு உழைத்து வந்த கோட்வீவர்ஸ் கம்பெனியும் இதற் கூட்டு. முதல் நாளிற் சோதித்து உறுதி கூறப்பட்டவை 27 ஆட்டங்களே. மற்றவற்றை ஆடுபவர் தம் பொறுப்பிற் சோதித்துக் கொள்ளலாம். சோதித்தனர். தாம் கண்டதை ஒருவர்க்கொருவர் எழுதி அறிவித்தனர். நாளடைவில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் தேறின. வைனை வசப்படுத்துவதற்கு முன்பெல்லாம் ஒரு மாலைப்பொழுது முழுதும் போராட வேண்டும். புரோட்டான் வந்தபின் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆட்டம் எழுதிய கம்பெனி லினக்ஸ் என்னும் சொல்லையே கேள்விப்படாதிருந்தாலும் அதன் ஆட்டம் ஓடிற்று. முதலாளி வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை அன்றோடு ஒழிந்தது.

பழைய ஆட்டங்களும் இதனால் உயிர் பெற்றன. 2019 ஜூனில், உபுண்டு என்னும் புகழ்பெற்ற லினக்ஸை வெளியிடும் கனானிக்கல் கம்பெனி, பழைய 32-பிட் நிரல்களுக்கான தொகுப்புகளை அடுத்த பதிப்பிலிருந்து விட்டுவிடுவதாக அறிவித்தது. பழைய ஆட்டங்களுக்கு அவை இன்றியமையாதன. வைன் கூட்டத்தார் முறையிட்டனர். இனி உபுண்டுவை ஆதரிக்க இயலாது என வால்வின் பக்கத்திலிருந்தும் சொல் வந்தது. ஒரு வாரத்துக்குள் கனானிக்கல் தன் முடிவைத் திருத்திக்கொண்டது. ஆட்டத்தின் பொருட்டு ஒரு லினக்ஸ் வெளியீட்டாளர் பணிய நேர்ந்தது, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் எவரும் நம்பியிருக்க மாட்டாத செய்தி.

2022 பிப்ரவரியில் வால்வ், ஸ்டீம் டெக் என்னும் கையடக்க ஆட்டக் கணினியை அனுப்பத் தொடங்கிற்று. தொடக்க விலை 399 அமெரிக்க டாலர். உள்ளே இருப்பது ஆர்ச் லினக்ஸை அடியாகக் கொண்ட ஸ்டீம் ஓ.எஸ்.; விண்டோஸ் ஆட்டங்களை ஓட்டுவது புரோட்டான். வாங்கியவருட் பலர்க்குத் தம் கையிலிருப்பது லினக்ஸ் என்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 2025-இல் லெனோவோ கம்பெனியும் தன் கையடக்கக் கணினி ஒன்றை ஸ்டீம் ஓ.எஸ். பதித்தே விற்கத் தொடங்கிற்று.

இவ்வெற்றியில் இழப்பும் உண்டு. விண்டோஸ் பதிப்பே லினக்ஸில் ஓடிவிடுமாயின், லினக்ஸுக்கெனத் தனிப் பதிப்பு எழுத எவன் செலவழிப்பான்? 2020 மார்ச்சில் ராக்கெட் லீக் என்னும் ஆட்டத்தின் சொந்த லினக்ஸ் பதிப்பு கைவிடப்பட்டது. ஆடியோர் புரோட்டான் வழியே விண்டோஸ் பதிப்புக்கு மாறினர். லினக்ஸுக்கென ஆட்டங்களைப் பெயர்த்து எழுதிய கம்பெனிகளின் தொழிலும் குன்றிற்று. இது அடிமைத்தனமே என்போர் உளர்: ஆட்டங்கள் யாவும் மைக்ரோசாப்டின் மொழியிலேயே எழுதப்படும், நாம் என்றென்றும் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் தனிப் பதிப்பு எழுதிய கம்பெனி அதனைச் செப்பனிடாமல் விட்டால் சில ஆண்டுகளில் அது ஓடாமற் போவதையும், புரோட்டான் அதே ஆட்டத்தின் விண்டோஸ் பதிப்பை ஓட்டிக் காட்டுவதையும் பலர் அனுபவத்திற் கண்டுள்ளனர். வால்வ் நாளை மனம் மாறினாலும், லோக்கியைப் போல் மறைந்தாலும், வைனும் டி.எக்ஸ்.வி.கே.யும் மெசாவும் திறந்த நிரல்களாய் நிற்கும். 2002-இல் உரிமத்தை மாற்றியோர் இட்ட வேலி அது. ஆகவே நாம் புரோட்டானின் பக்கமே நிற்போம்.

இப்பொழுது எஞ்சி நிற்பது ஒரு கதவு. இணையத்திற் பலர் கூடி ஆடும் ஆட்டங்களில் அழுகுணி ஆட்டம் ஆடுவோரைப் பிடிக்கக் காவல் நிரல்கள் வைக்கப்படுகின்றன. அவற்றுட் கடுமையானவை விண்டோஸின் கெர்னலுக்குள்ளேயே புகுந்து அமர்ந்து, கணினி முழுவதையும் உளவு பார்ப்பன. லினக்ஸிலோ கெர்னலைச் சொந்தக்காரனே மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். வீட்டுக்காரன் விரும்பியபடி சுவரை இடித்துக் கட்டும் வீட்டிற் காவற்காரன் எவ்விடத்தில் நின்று காப்பது? உரிமையே இங்கே ஐயத்துக்குக் காரணமாகின்றது. 2021 செப்டம்பரில் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில் ஐ என்னும் இரு காவல் நிரல்களும் புரோட்டானில் இயங்க வழி செய்யப்பட்டது; ஆனால் ஒவ்வோர் ஆட்டத்தின் கம்பெனியும் தனித்தனியே இசைவு தர வேண்டும். சிலர் தந்தனர், சிலர் மறுத்தனர். 2024-இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கெர்னற் காவலை மேற்கொண்டதும், பல்லாண்டு வைன் வழியே அதனை ஆடி வந்தோர் வெளியே நின்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஜி.டி.ஏ. ஆன்லைன் அவ்வாறே அடைபட்டது. அதில் வைத்தது பேட்டில் ஐ தான், இசைவு மட்டும் தரப்படவில்லை. அக்டோபர் 31-இல் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ், கள்ளாட்டக்காரர் லினக்ஸை மறைவிடமாய்க் கொள்கின்றனர் எனக் காரணம் கூறி, அதுவரை திறந்து வைத்திருந்த கதவை மூடிவிட்டது. நேர்மையாய் ஆடியவர்களும் அவர்களோடு வெளியேற்றப்பட்டனர்.

வீட்டுப் பையனுக்குத் தகப்பன் சொல்லத்தக்க விடை, அவன் விரும்பும் ஆட்டம் எதுவோ அதைப் பொறுத்ததாகவே இன்று உளது. தனியே ஆடுவதாயின் பெரும்பாலும் ஓடும். இணையத்திற் பலரோடு மோதுவதாயின் முன்னதாக விசாரித்துக் கொள்ள வேண்டும்.

கெர்னலுக்குள் மற்றொரு வேலையும் இதற்கிடையே நடந்தது. ஒரே நேரத்தில் பல நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருந்து, எது முதலில் வந்தாலும் விழித்தெழும் பழக்கம் விண்டோஸ் ஆட்டங்களுக்கு உண்டு. லினக்ஸில் அப்பழக்கத்துக்கு நேரான வசதி இல்லாமையால் வைன் சுற்றுவழியிற் சென்று வேகத்தை இழந்தது. கோட்வீவர்ஸைச் சேர்ந்த எலிசபெத் ஃபிகுரா இதற்கென என்.டி.சிங்க் என்னும் பகுதியை எழுதினார். 2025 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 6.14 பதிப்பில் அது முழுமை பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் ஸ்டீம் எடுத்த கணக்கில், அக்கடையில் ஆடுவோருள் லினக்ஸில் ஆடுவோர் முதன்முறையாக நூற்றுக்கு மூவரைத் தாண்டினர். அவர்களுள் வால்வின் ஸ்டீம் ஓ.எஸ். வழியே வந்தவர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றையோர் தம் கணினியில் தாமே லினக்ஸைப் பதித்துக்கொண்டவர்கள்.